கயிற்றுக்கு உள்ளே

கதிர்வீச்சு என்ற சமாச்சாரம் எனக்கு முன்பே அப்பாவுக்குத் தெரியும். புனேயை அடுத்த தளேகாவ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அவர் வெல்டர். பெரிய பெரிய இரும்புத் தொட்டிகளுக்கும் குழாய்களுக்கும் வெல்டிங் அடிப்பார். அடித்த வெல்டு உள்ளே நன்றாக ஒட்டியிருக்கிறதா, கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வெளியிலிருந்து இரண்டு பேர் கதிர் உள்ள கனமான ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வந்ததும் சுற்றிலும் கயிறு கட்டுவார்கள். விசில் ஊதுவார்கள். எல்லோரும் கயிற்றுக்கு வெளியே போய்விட வேண்டும். யாரும் இல்லை என்று பார்த்த பிறகுதான் பெட்டியைத் திறந்து வெல்டைப் படம் எடுப்பார்கள். படத்தில் விரிசல் தெரிந்தால் அந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டு 'ரிப்பேர்' என்று எழுதிவிட்டுப் போவார்கள். அதை அறுத்தெடுத்து மறுபடி அடிக்க வேண்டும்.

அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் 'ரிப்பேர்' என்கிற அந்த ஆங்கில எழுத்துகளை மட்டும் எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவார். தாபோடியில் எங்கள் சந்து முனையில் உள்ள டயர் கடைப் பலகையைக் காட்டி, "இவன் வெல்டும் பெயிலு போல" என்று சொல்லிச் சிரிப்பார்.

அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. சளி என்று நினைத்தோம். வாயில் எந்நேரமும் தம்பாக்குப் புகையிலை இருக்கும், அதனால் இருமல் என்று அம்மா திட்டினாள். குரல் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் குரல் வருகிற இடத்திலேயே கட்டி என்று சொன்னார்கள். ஆபரேஷன் இல்லாமலேயே, கதிர்வீச்சிலேயே சரியாக நல்ல வாய்ப்பு இருக்கிறது, குரலும் தப்பும் என்றார் டாக்டரம்மா. ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னார். நடுவில் விடக் கூடாது. விட்டுவிட்டு வந்தால் கட்டி மறுபடி தலைதூக்கிவிடும்.

முதல் நாள் அப்பாவைப் படுக்கவைத்து, முகத்துக்கும் கழுத்துக்கும் சல்லடை போன்ற ஒரு கவசத்தை மாட்டி, மேஜையோடு சேர்த்து அழுத்திப் பூட்டினார்கள். அப்புறம் அறையிலிருந்த எல்லோரும் வெளியே வந்தார்கள். தடித்த கதவு மூடிக்கொண்டது. கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. எல்லாம் கொஞ்ச நேரம்தான். வெளியே வந்தவர் முகத்தில் சல்லடையின் தடம் கட்டம் கட்டமாகப் பதிந்திருந்தது. வலித்ததா, சுட்டதா என்று அம்மா கேட்டாள். ஒன்றுமே தெரியவில்லை என்றார். ஆட்டோவில் போகும்போது என் பக்கம் திரும்பி, இருக்கிற கொஞ்சக் குரலில் சொன்னார்:

"எல்லாரும் கயித்துக்கு வெளிய போயிட்டாங்கடா. நான் மட்டும் உள்ள."

அந்த ஆஸ்பத்திரியில் இதற்கு ரேடியேஷன் என்று யாரும் சொல்வதில்லை. சீட்டில் மட்டும்தான் அந்த வார்த்தை. வார்டு ஆட்கள், நர்சுகள், பெஞ்சில் காத்திருக்கிறவர்கள் எல்லோருக்கும் அது 'ஷேக்'. மராத்திச் சொல். இன்றைக்கு ஷேக் ஆயிற்றா, எத்தனை ஷேக் பாக்கி, ஷேக் முடிந்து மாத்திரை வாங்கிக்கொண்டு போங்கள். மாநகராட்சிப் பள்ளியில் மராத்தியில் படித்தவன் நான். அந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது. ரேடியேஷன் என்றால் அணுகுண்டு ஞாபகம் வருகிறது, ஷேக் என்றால் வீட்டுச் சமாச்சாரம் மாதிரி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான்தான். தமிழ் எழுத்துகூட ஞாயிற்றுக்கிழமை கோயில் வகுப்பில் வந்ததுதான். இப்போது புனேயில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி மாணவன். நான் ஆராய்வது எதை என்று கேட்டால் உறவுக்காரர்களுக்குச் சொல்லவே கூச்சமாக இருந்தது, அப்பாவுக்கு வியாதி வந்த பிறகு. மனித செல்கள் கதிர்வீச்சை எப்படித் தாங்குகின்றன, ஆளுக்கு ஆள் அது ஏன் மாறுகிறது என்பதுதான் என் வேலை.

பலர் ரத்தம் தருவார்கள். அதிலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்துச் சின்னச் சின்னக் குழாய்களில் வைப்போம். எல்லாக் குழாய்க்கும் ஒரே அளவு கதிர் கொடுப்போம். கதிர் பட்டால் செல்லுக்குள் இருக்கிற மரபு இழை அங்கங்கே அறுந்துபோகும். அறுந்த இடங்களில் சாயம் ஏற்றிப் பார்த்தால் மைக்ராஸ்கோப்பில் பச்சைப் புள்ளிகளாக மினுங்கும். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் எல்லார் செல்லிலும் புள்ளிகள் கிடக்கும். அதில் அதிசயம் இல்லை. மறுநாள் பார்க்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்குப் புள்ளிகள் மறைந்திருக்கும், அறுந்ததை உடம்பே ஒட்டிவிட்டது என்று அர்த்தம். சிலருக்கு மட்டும் அப்படியே நிற்கும். ஒட்டுகிற வேலையைச் செய்யும் புரதங்களை எப்படிக் கட்டுவது என்ற குறிப்பு பெற்றோரிடமிருந்து வருகிறது. அந்தக் குறிப்பில் எங்கோ ஓர் எழுத்து வேறாக இருந்தால் ஒட்டும் வேலை சுணங்கும்.

இதை ஒரு நாள் பெஞ்சில் காத்திருக்கும்போது அப்பாவிடம் சொன்னேன். அவர் உடனே பிடித்துக்கொண்டார்.

"அப்போ நீயும் வெல்டுதான் பாக்கறே."

"அப்படித்தான்பா."

"உள்ள வெல்டு அடிக்கிற ஆளு ஆயி அப்பன் கிட்டருந்து வர்றவன். சரியா? அப்போ என் வெல்டரு பாதி உன்கிட்ட இருக்கான். கவலப்படாத. நல்ல கைக்காரன்."

பக்கத்தில் சாகண் ஊரிலிருந்து வருகிற ஒரு நோயாளி, சாகண்காரர் என்போம், என்ன பேச்சு என்று இந்தியில் கேட்டார். கார்த் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர். அவருக்கும் அதே தொண்டை, அதே மெஷின், அப்பாவோடு ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஆரம்பித்தவர். என் மகன் வெல்டிங் இன்ஸ்பெக்டர் ஆகிவிட்டான் என்று அப்பா பெருமையாகச் சொன்னார்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகச் சேர்கிற மாணவர்களும் ரத்தம் தர வேண்டும். நானும் தந்திருந்தேன். குழாயின் மேல் எண் மட்டும்தான் இருக்கும். எந்த எண் யாருடையது என்பது எங்கள் பேராசிரியைக்கு மட்டும் தெரியும். அந்த வரிசையில் ஒரு குழாய் இருந்தது. எத்தனை தடவை பார்த்தாலும் மறுநாளும் புள்ளிகள் கிடக்கும். நாங்கள் அதற்கு 'ஆள்ஷி' என்று பெயர் வைத்திருந்தோம். மராத்தியில் சோம்பேறி. ஆள்ஷி இன்றைக்காவது வேலை செய்தானா என்று கேட்டுக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தோம். நானும் சிரித்தேன்.

அப்பாவின் கழுத்து சீக்கிரமே கறுத்தது. கறுப்பது சகஜம் என்றார்கள். பிறகு சிவந்து, தோல் உரிந்து, காலரில் ஈரம் ஒட்ட ஆரம்பித்தது. சாகண்காரர் கழுத்து வெயிலில் நின்றது போல நிறம் மாறியதோடு சரி. அவர் அப்பாவின் கழுத்தைப் பார்த்துவிட்டு, பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டார். அப்பாதான் அவரைச் சீண்டினார். "உங்க கழுத்து தேக்கு. என்னுது முருங்க." இதை இந்தியில் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் பாதியைக் கையால் காட்டினார். இருவரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கும்போது தோல் வெடித்து நீர் வந்தது.

டாக்டரம்மா பார்த்துவிட்டுக் கொஞ்ச நாள் நிறுத்தச் சொன்னார். இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு மோசமாக ஆகக் கூடாது என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். தோல் ஆறினால் தொடரலாம், ஆறாவிட்டால் மீதியைக் கொடுப்பது பற்றி யோசிக்க வேண்டியிருக்கும். சிலருக்கு உடம்பு தாங்காமல் இருப்பதும் உண்டு. எனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டினேன். ரத்தத்தில் பார்த்துச் சொல்ல முடியாதா என்று கேட்டேன். இங்கே நாங்கள் தோலைத்தான் பார்க்கிறோம் தம்பி என்பது போல ஒரு பதில் வந்தது. குழாயில் நடப்பதை வைத்து ஒருவர் கழுத்தில் என்ன நடக்கும் என்று அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியாது என்றார். இதை எங்கள் பேராசிரியையும் பாடத்தில் சொல்வார்தான். அன்றைக்கு அது காதில் ஏறவில்லை.

மறுநாள் பேராசிரியையிடம் போய், ஆள்ஷி என் குழாயா என்று கேட்டேன். அவர் என்னை உட்காரச் சொன்னார். சொல்லக் கூடாது என்பது விதி என்றார். விதியை விடு, தெரிந்தால் நீ என்ன செய்வாய் என்று கேட்டார். எழுந்து வந்துவிட்டேன். அதன்பின் யாராவது ஆள்ஷி என்றால் என் பெயரைக் கூப்பிட்டது போலத் திரும்பிப் பார்த்தேன்.

வீட்டில் அம்மா கேட்டாள், எல்லாருக்கும் ஒரே மெஷின்தானே, இவருக்கு மட்டும் ஏன் இப்படி என்று. ஏதாவது சொல்லித் தட்டிக்கழித்திருக்கலாம். ஆனால் படித்த பிள்ளை, வீட்டில் கேட்டால் சொல்லத் தெரிய வேண்டாமா? ரத்தத்தில் இருக்கலாம் என்று சொன்னேன். பிறப்பிலேயே சிலருக்கு ஒட்டுகிற வேலை சுணக்கமாக இருக்கும் என்றேன்.

அம்மாவின் கை முறத்தில் நின்றது. "ரத்தத்துல இருக்குதுன்னா இவனுக்கும் இருக்குமா?" என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டாள், அவர்தான் சொல்ல வேண்டும் என்பது போல.

அப்பா என் பக்கம் திரும்பினார். என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்கிட்டருந்து வேற என்னல்லாம் வந்துருக்குது உனக்கு?" என்றார்.

அன்றைக்கே முடிவு சொல்லிவிட்டார். தோல் ஆறினாலும் இனிப் போவதில்லை. வெல்டரே சரியில்லை என்கிறபோது மேலே மேலே அடித்து என்ன பிரயோஜனம்? நான் டாக்டரம்மா சொன்னதைத் திருப்பித் திருப்பிச் சொன்னேன். நடுவில் விட்டால் கட்டி வளரும், மூச்சை அடைக்கும், அப்புறம் குரல்வளையையே எடுக்க வேண்டிவரும். அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"இரும்புன்னா அறுத்துட்டு மறுபடி அடிப்போம். கழுத்த எப்பிடிடா அறுக்கறது? உடு."

நிறுத்திய நாட்கள் ஓடிக்கொண்டிருந்தன, கழுத்து ஆறவில்லை. மெஷினுக்கே போகவில்லை, அப்படியிருந்தும் ஏன் இப்படிச் சிவந்து கிடக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. படித்ததெல்லாம் ஒரே பதிலைத்தான் காட்டியது. ரத்தம். ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்தால் புள்ளிகளை எண்ண முடியவில்லை. எண்ணுவதெல்லாம் அப்பாவுடையது போல இருந்தது, இல்லையென்றால் என்னுடையது போல.

ஒரு நாள் மழையில் கரண்ட் போய், இன்குபேட்டர் இருக்கும் அறையைத் தவிர மற்ற இடமெல்லாம் மூடிவிட்டார்கள். மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். வாசலிலேயே சூடான உப்பு வாசனை. அம்மா அடுப்பில் தவாவை வைத்து, அதன் மேல் துணி மூட்டை ஒன்றை அழுத்தி அழுத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் பழைய பனியனில் கல்லுப்பைக் கட்டிய மூட்டை. அதைப் புறங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு அப்பாவின் கழுத்தில் ஒத்தினாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா பண்றே?"

"ஷேக்குதான். அங்கதான் நிறுத்திட்டாங்களே. உட்டுறக் கூடாதுன்னு சொன்னாங்க இல்ல?"

அம்மா பக்கத்து அடுக்குமாடியில் ஒரு மராத்தி வீட்டில் சமைக்கிறாள். அந்த வீட்டுப் பெரியம்மாவை எல்லோரும் காகூ என்பார்கள், அவருக்கு முழங்கால் வலி. சமையல் முடிந்ததும் தவாவில் துணியைக் காய்ச்சி முழங்காலில் ஒத்திவிட்டுத்தான் அம்மா கிளம்புவாள். காகூ கேட்கிற சொல் அது. ஜரா ஷேக் தே. கொஞ்சம் ஒத்தடம் கொடு. அம்மாவுக்கு ஷேக் என்றால் ஒத்தடம். அவளுக்கு என்ன, மராத்தியிலேயே ஷேக் என்றால் ஒத்தடம்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் பெரிய மெஷினில் ஒத்தடம் கொடுக்கிறார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். முதல் வாரத்திலிருந்தே, அங்கே கொடுப்பதற்குத் துணையாக, சாயங்காலம் அவளும் கொடுத்திருக்கிறாள். நிறுத்திய பிறகு காலையிலும் சேர்த்து. கழுத்தில் எதுவும் தடவக் கூடாது என்று நர்சு சொன்னதை அவள் ஒரு நாள்கூட மீறவில்லை. எண்ணெய் இல்லை, மஞ்சள் இல்லை, சோப்புகூட இல்லை. ஒத்தடம் என்பது தடவுவது இல்லையே.

மூட்டையை வாங்கிக் கீழே வைத்தேன். என் உள்ளங்கை சுட்டது. சுடவில்லையா என்று அப்பாவைக் கேட்டேன். சுடாமல் என்ன, ஆனால் வெல்டர் கழுத்துக்கு இதெல்லாம் ஒரு சூடா என்றார். தீப்பொறி சட்டைக்குள் விழுந்தால் தட்டிவிட்டுவிட்டு அடுத்த வெல்டு அடித்த ஆள்.

உட்கார்ந்து சொன்னேன். அந்த மெஷின் ஒத்தடம் இல்லை என்றும், அதில் சூடே கிடையாது என்றும், அது பட்ட தோலில் வெறும் வெந்நீர்கூடப் படக் கூடாது என்றும். என்னால் முடிந்தவரை மெதுவாகத்தான் சொன்னேன். அம்மா தவாவையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அப்போ நான்தான் சுட்டனா?"

தெரியவில்லை என்றேன். அதுதான் உண்மை. சூடு எவ்வளவு, ரத்தம் எவ்வளவு என்று யார் பிரித்துச் சொல்வது?

"அவன் லேபுல கேட்டுகினு வந்து சொல்லுவான். நீ மொதல்ல அடுப்ப அணை" என்றார் அப்பா. சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் நான் பல வாரமாகப் பார்க்காத ஒன்று வந்திருந்தது. "அப்போ வெல்டரு மேல தப்பில்ல" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

அம்மா அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"ரத்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தான் சுட்டேன்" என்றாள். அழவில்லை. கணக்கு முடிந்தது என்கிற மாதிரி சொன்னாள். "நாளைக்கு டாக்டரு கிட்ட நானே வந்து சொல்றேன். அப்புறம் போவீங்க இல்ல?"

போகிறேன் என்றார் அப்பா.

மறுநாள் காகூவிடம் லீவு சொல்லிவிட்டு அம்மாவும் வந்தாள். டாக்டரம்மா முன்னால் போய் நின்று, நான் வாய் திறப்பதற்குள், "மீ ஷேக் திலா" என்றாள். நான் ஷேக் கொடுத்தேன். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, ஷேக் நாங்கள்தானே கொடுக்கிறோம் மாவ்ஷி என்றார். அம்மா இல்லை என்று தலையாட்டினாள். ஒரு கையில் தவாவைப் பிடிப்பது போலக் காட்டி, மறு கையால் தன் கழுத்தில் ஒத்திக் காட்டினாள். "மீட்" என்றாள். உப்பு. டாக்டரம்மாவின் சிரிப்பு நின்றது.

திட்டவில்லை. எப்போதிலிருந்து, எத்தனை வேளை என்று கேட்டார். இனி எதையும் கிட்டேயே கொண்டுபோக வேண்டாம் என்றார். பக்கத்தில் நின்ற நர்சிடம், இனிமேல் இங்கே யாரும் ஷேக் என்று சொல்லாதீர்கள் என்றார். வேறு எதைச் சொன்னால் இவர்களுக்குப் புரியும் மேடம் என்று நர்சு கேட்டாள். டாக்டரம்மா அப்பாவின் சீட்டில் எழுதத் தொடங்கினார்.

அம்மா வெளியே போன பிறகு நான் நின்று கேட்டேன். முழுக்கச் சூட்டால்தானா? சொல்ல முடியாது என்றார் ஆங்கிலத்தில். சூடு மோசமாக்கியிருக்கும். ஆனால் இவருக்குச் சீக்கிரமே ஆரம்பித்துவிட்டது, இரண்டும் இருக்கலாம். தொடர்ந்தால்தான் தெரியும். இதை நான் வீட்டில் தமிழில் சொல்லவில்லை.

ஒத்தடம் நின்றதும் கழுத்து ஆறத் தொடங்கியது. தோல் காய்ந்தது. டாக்டரம்மா மறுபடி ஆரம்பிக்கச் சொன்னார். பெஞ்சில் சாகண்காரர் இல்லை, அவருக்கு முடிந்துவிட்டது. அம்மா தினமும் கூட வந்தாள். ஆனால் அப்பாவின் கழுத்தை அவள் தொடவே இல்லை. மப்ளரைக்கூட அவர் கையில் கொடுத்து, நீங்களே சுத்திக்குங்க என்பாள்.

தொடங்கிய முதல் சில நாட்கள் நன்றாகத்தான் போயின. பிறகு ஒரு காலை, பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது அப்பா கையைக் கழுத்துக்குக் கொண்டுபோய், தொடாமல் இறக்கினார். கூப்பிடப் போகிறார்கள். அவருக்கு முன்னால் ஒருவர்தான் பாக்கி.

"தொட்டுப் பாரு" என்றார் அம்மாவிடம். "சுடுதா?"

அம்மா தயங்கினாள். புடவையில் விரல்களைத் துடைத்துக்கொண்டு, காய்ச்சல் பார்ப்பது போல விரலின் பின்பக்கத்தை வைத்தாள். காதுக்குக் கீழே மறுபடி சிவப்பு ஏறியிருந்ததை நான் நின்ற இடத்திலிருந்தே பார்த்தேன். அவள் விரல் ஒரு கணம் விலகியதையும் பார்த்தேன். வீட்டில் தவாவில் உப்பு மூட்டை வைத்து எவ்வளவோ நாள் ஆயிற்று.

"பழைய சூடுதாங்க" என்றாள். "நான் வெச்சதுதான் இன்னும் எறங்கல."

அப்பா என்னைப் பார்த்தார். வெல்டிங் இன்ஸ்பெக்டரிடம் கேட்கிற பார்வை.

"ஆமாம்பா" என்றேன். "அது எறங்க நாளாகும்."

உள்ளே கூப்பிட்டார்கள். அப்பா மப்ளரை அவிழ்த்து அம்மா மடியில் போட்டுவிட்டு எழுந்தார். கதவுவரை கூடவே போன எங்களைத் திரும்பிப் பார்த்து, கையை ஆட்டி, "போங்க போங்க, கயித்துக்கு வெளிய போங்க" என்றார். கதவு மூடியது. சிவப்பு விளக்கு எரிந்தது. அம்மா விரல்களை மடக்கி மப்ளருக்குள் வைத்துக்கொண்டு, விளக்கு அணைகிறவரை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.